அறியவா, ஜெயிக்கவா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மகள் பாடப்புத்தகத்தோடு வந்தாள். இங்கே இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.இ. மதப்பாடம் எடுத்தால், 2016-ல் வந்த பாடத்திட்டப்படி குறைந்தது இரண்டு மதங்களைப் படித்தாக வேண்டும். அவள் பள்ளியில் கிறிஸ்தவமும் இஸ்லாமும்.

"அப்பா, என் ஃபிரெண்ட் ஒண்ணு கேட்டா. அவ முஸ்லிம். எல்லாம் கர்மாப்படிதான் நடக்கும்னா, நீங்க எதுக்குச் சாமி கும்பிடறீங்க, சாமிக்கு அங்க என்ன வேலைன்னு கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்?"

தோசை கருகியது. பதில் வரவில்லை.

நாற்பது வயது தாண்டியவன், நெற்றியில் விபூதி இல்லாமல் ஆபீசுக்குக் கிளம்பாதவன். கடன் விண்ணப்பத்தில் ஒரு ரூபாய் இடித்தாலும் கண்டுபிடிக்கிறவன். என் மதத்தைப் பற்றி ஒரு பதினைந்து வயதுப் பெண் கேட்ட முதல் கேள்வியிலேயே அவுட். "அதெல்லாம் பெரிய தத்துவம்மா, அப்புறம் சொல்றேன்" என்று தப்பித்தேன். (எல்லா அப்பாக்களுக்கும் தெரிந்த வழிதானே :-))

ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. ஏனென்றால் அதே கேள்வியை நான் முன்பே கேட்டிருக்கிறேன். பாறசாலையில், எங்கள் வீட்டுத் திண்ணையில்.

பாறசாலை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற ரயிலில் குழித்துறை தாண்டினால் கேரளத்தின் முதல் ஸ்டேஷன். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. நாங்களும் அதோடு நின்றோம். பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ், சந்தைக்குக் களியக்காவிளை.

மொழி எல்லை மட்டும் இல்லை. எங்கள் பக்கம் ஒரே குடும்பத்தில் ஒரு கிளை கோயிலுக்குப் போகும், ஒரு கிளை வேதக்கோயிலுக்குப் போகும். 1806-ல் ரிங்கல்தௌபே வந்து தெற்குத் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் வேலையைத் தொடங்கியதிலிருந்து இப்படித்தான். கல்யாணப் பத்திரிகையில் ஒருவர் வீட்டில் பிள்ளையார், இன்னொருவர் வீட்டில் சிலுவை. முப்பாட்டன் ஒருவர்தான். (லண்டன்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்து வேதம் சொன்னார்கள். நான் லண்டனுக்கு வந்து கணக்குப் பார்க்கிறேன். காலத்தின் கோலம்!)

இதைக் கேட்டவுடன் "ஆகா, மத நல்லிணக்கம்" என்பார்கள். நானும் இங்கே வந்த புதிதில் வெள்ளைக்காரச் சகாக்களிடம் அப்படித்தான் பெருமையடித்தேன். இன்று அதைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாங்கள் கிறிஸ்துமஸ் கேக் வாங்கினோம், பொங்கல் கொடுத்தோம். சாவுக்குப் போனோம். ஆனால் எதிர்வீட்டுக்காரர் என்ன நம்புகிறார், ஏன் நம்புகிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தக்கலை பீர்முகம்மது அப்பா தர்காவில் ஆண்டுதோறும் இரவு முழுக்க ஞானப்புகழ்ச்சி பாடுவார்கள். பதினேழாம் நூற்றாண்டுத் தமிழ். எனக்குத் தெரிந்த மொழியில் எனக்குத் தெரியாத ஒரு மதம் பாடிக்கொண்டிருந்தது. நான் போனது கடைகள் பார்க்க.

எங்கள் வீட்டில் மட்டும் ஒரு விதிவிலக்கு நடந்தது. ஒரே ஒரு வருஷம்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அண்ணன் இறந்துபோனான். மஞ்சள் காமாலை. அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். வந்தவர்கள் எல்லாம் "விதி", "போன ஜென்மத்து வினை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். ஆனால் அப்பாவுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. பத்து வயது தாண்டிய பிள்ளை என்ன பாவம் செய்தான், இல்லை நான் என்ன செய்தேன் என்று.

பெரியப்பா (அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன்) சபையில் உபதேசியார். அவர் வந்து எதுவும் சொல்லவில்லை. நாலைந்து நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு சாயங்காலம் தமிழ் வேதாகமத்தை எடுத்துவந்து, "தம்பி, இதில ஒருத்தன் நீ கேக்கிய கேள்வியத்தான் கேக்கியான். வாசிக்கட்டா?" என்றார். யோபு.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நல்லவன் யோபு. பத்துப் பிள்ளைகளும் சொத்தும் ஒரே நாளில் போகின்றன. நண்பர்கள் மூன்று பேர் வந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இது என்று மாற்றி மாற்றி வாதாடுகிறார்கள். கடைசியில் கடவுள் வந்து அந்த நண்பர்களைத்தான் கடிந்துகொள்கிறார்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தது அங்கேதான். "அண்ணே, அந்த மூணு பேரும் சொல்லியது நம்ம ஆளுவ சொல்லிய வினைக் கணக்குதானே?" என்றார்.

அதிலிருந்து ஒரு வருஷம், வாரத்தில் இரண்டு நாள். பெரியப்பா யோபு வாசிப்பார். அப்பா பதிலுக்கு அரிச்சந்திரன் கதையை எடுப்பார். அங்கே சாத்தான் கடவுள் முன்னால் சவால் விடுகிறான், இங்கே இந்திரசபையில் வசிஷ்டரும் விசுவாமித்திரரும். இரண்டிலும் சோதிக்கப்படுகிறவனுக்கு அந்தப் பந்தயம் பற்றித் தெரியாது. இரண்டிலும் பிள்ளை சாகிறது. நான் பாயில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடைசிப் பகுதியில் இருவரும் மோதிக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அரிச்சந்திரனுக்குச் செத்த மகன் லோகிதாசனே உயிரோடு திரும்புகிறான். யோபுக்கு அப்படி இல்லை. ஆடு 7000 இருந்தது 14000 ஆகிறது, ஒட்டகம் 3000 இருந்தது 6000 ஆகிறது. பிள்ளைகள் புதிதாகப் பத்துப் பேர் பிறக்கிறார்கள். அப்பா கேட்டார்: "வேற பிள்ளைய தந்தா போனவன் ஈடாவானா அண்ணே?"

பெரியப்பா சபையில் வழக்கமாகச் சொல்லும் விளக்கத்தைச் சொன்னார். "ஆடு ஒட்டகம் எல்லாம் ரெட்டிப்பா கிட்டிச்சு. பிள்ளைய மட்டும் ரெட்டிப்பில்ல, பழைய கணக்குத்தான். ஏன்னா மொதல்ல உள்ள பத்து பேரும் போவல்ல தம்பி. தேவன்கிட்ட இருக்கினும். அவியளையும் சேத்து எண்ணணும்."

அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொரு பிறவி எடுத்திருப்பான் என்பது அவர் நம்பிக்கை. ஆனால் அன்று இரவு பல மாதங்களுக்குப் பிறகு அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார் என்று அம்மா சொல்வாள்.

பிறகு நின்றுபோனது. யாரும் சண்டை போடவில்லை. கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் வழியில் நிறுத்தி, "என்ன, மாறப்போறதாக் கேள்விப்பட்டேன்?" என்று சிரித்தார். அந்தப் பக்கம் சபைக்காரர்கள் பெரியப்பாவிடம், "தம்பிக்கு எப்ப ஞானஸ்நானம்?" என்று ஆர்வமாகக் கேட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் இது ஒரு பேரம்தான். இரண்டு பேர் சேர்ந்து ஒரு புத்தகம் வாசிக்கிறார்கள் என்பது யாருக்கும் புரியவில்லை. மானத்துக்குப் பயந்து இருவரும் நிறுத்தினார்கள்.

அதன்பிறகு என் பங்கு. பி.காம் படிக்கும்போது எவனோ கொடுத்த ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டு, பெரியப்பாவைக் கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் மடக்கினேன். "மூணும் ஒண்ணும் எப்படி ஒண்ணாகும்? இது என்ன கணக்கு?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா கோபப்படவில்லை. "லே மக்கா, நீ கேக்கியது அறியவா, ஜெயிக்கவா?" என்றார். எனக்குப் பதில் தெரியும், அதனால் வாயை மூடிக்கொண்டேன். நான் வேலைக்கு வெளியூர் போன சில வருடங்களில் அவர் இறந்துவிட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. அறியவும் இல்லை.

நிற்க. அது பெரியப்பாவின் சொந்த வாக்கியம் இல்லை என்பது பின்னாளில்தான் தெரிந்தது. அது நாராயண குரு வழி வந்தது.

நெய்யாற்றின்கரையிலிருந்து அருவிப்புரம் பக்கம்தான். 1888 சிவராத்திரியில் அங்கே நெய்யாற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து குரு சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். பிராமணர் அல்லாதவர், ஈழவர் வீட்டில் பிறந்தவர் பிரதிஷ்டை செய்தது அந்தக் காலத்தில் என்ன கலவரம் என்று சொல்ல வேண்டியதில்லை. சாதி வேற்றுமையும் மதப் பகையும் இல்லாமல் எல்லோரும் உடன்பிறந்தாராக வாழ்வதற்கு இந்த இடம் ஒரு மாதிரி என்ற பொருளில் அங்கே எழுதியும் வைத்தார்.

ஆனால் நான் சொல்லவருவது 1924-ல் ஆலுவாவில் அவர் கூட்டிய சர்வமத மாநாடு. அதே மார்ச் மாதக் கடைசியில்தான் வைக்கம் சத்தியாகிரகமும் தொடங்கியது. மலபார்க் கலவரம் முடிந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. ஈழவர்கள் கிறிஸ்தவத்துக்குப் போவதா, பௌத்தத்துக்குப் போவதா என்று பெரிய விவாதம் வேறு. அப்போது கிறிஸ்தவம், இஸ்லாம், பௌத்தம், ஆரிய சமாஜம், பிரம்ம சமாஜம் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் ஆட்களை அழைத்துப் பேசவைத்தார். தலைமை சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த சதாசிவ ஐயர். வாதிட்டு வெல்வதற்காக அல்ல, அறிவதற்கும் அறிவிப்பதற்கும்தான் கூடியிருக்கிறோம் என்பது வாசலில் எழுதிவைத்த கருத்து. மாநாடு முடிந்ததும் குரு சொன்னது இன்னும் முக்கியம்: சிவகிரியில் எல்லா மதங்களையும் கற்பிக்கும் ஒரு பள்ளி வேண்டும் என்றார். "ஒருவரை ஒருவர் மதியுங்கள்" என்பதோடு நிறுத்தவில்லை. படியுங்கள் என்றார்.

அவரே படித்தவர். தமிழ் நன்றாகத் தெரியும். திருக்குறளில் ஒரு பகுதியையும் ஒழிவிலொடுக்கத்தையும் மலையாளத்தில் பெயர்த்தார், தமிழிலேயே தேவாரப் பதிகங்கள் எழுதினார். 1914-ல் எழுதிய அனுகம்பா தசகம் என்ற சின்னப் பாட்டில் புத்தர், சங்கரர், ஏசு, நபிகள், நம்முடைய சைவ நாயன்மார்கள் எல்லோரும் அருளின் வடிவங்களாக வருகிறார்கள்.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் வேண்டும். குருவின் நண்பர் சட்டம்பி சுவாமிகள். கல்லிடைக்குறிச்சியில் சுப்பா ஜடாபாடிகளிடம் தமிழும் வேதாந்தமும் பயின்றவர். 1890-ல் கிறிஸ்துமத சேதனம் என்று ஒரு கண்டன நூல் எழுதினார். கோயில் திருவிழாக்களில் வந்து நின்று இந்து மதத்தைப் பழித்த மிஷனரிகள் மேல் அவருக்குக் கோபம். நியாயமான கோபம்தான். ஆனால் அந்த நூலைப் பாருங்கள். முதல் பகுதி கிறிஸ்தவக் கொள்கை என்ன என்ற சாரம். மறுப்பு அதன்பிறகுதான். எதிர்க்க நினைத்தவர்கூட முதலில் உட்கார்ந்து வேதாகமம் படித்தார். நான் படித்தது துண்டுப் பிரசுரம்!

இன்று இதைப் பல்கலைக்கழகங்களில் ஒப்பீட்டு இறையியல் என்கிறார்கள். இதில் பெரிய பெயர் பிரான்சிஸ் குளூனி. அமெரிக்கர், சேசு சபைப் பாதிரியார், 2005-லிருந்து ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தவர். இளம் வயதில் நேபாளத்தில் பள்ளி ஆசிரியராகப் போனதில் தொடங்கி, சமஸ்கிருதமும் தமிழும் கற்று, நம்மாழ்வாரின் திருவாய்மொழியை அதன் வைணவ உரைகளோடு பல வருடங்கள் படித்தவர். வேதாந்த தேசிகரையும் ஒரு கத்தோலிக்கப் புனிதரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நூலே எழுதினார். இன்னமும் பாதிரியார்தான், மாறவில்லை. 2010-ல் வந்த அவருடைய புத்தகத்தின் துணைத்தலைப்பே மத எல்லைகளைத் தாண்டி ஆழமாகக் கற்பது என்ற பொருளில் இருக்கிறது. எல்லை ஊர்க்காரனுக்கு அதைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு வந்தது. ஹார்வர்டில் வருடக்கணக்கில் செய்வதை எங்கள் திண்ணையில் இரண்டு பேர் அரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு செய்தார்கள்.

நம்மில் ஆள் இல்லாமல் இல்லை. நீதிபதி மு.மு. இஸ்மாயில் நாகூர்க்காரர், சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர், கம்பனில் கரைகண்டவர், சென்னைக் கம்பன் கழகத்தை நடத்தியவர். வாலி வதையைப் பற்றி அவர் எழுதியதை ராம பக்தர்கள் விரும்பிப் படிக்கிறார்கள். அவர் முஸ்லிமாகவே வாழ்ந்து 2005-ல் மறைந்தார்.

சரி, இப்போது என் கருத்து. பி.காம் படித்தவன் சொல்லும் உதாரணம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் ரீகன்சிலியேஷன் என்று ஒன்று உண்டு. நம் பேரேட்டில் ஒரு தொகை, எதிர்த்தரப்புப் பேரேட்டில் ஒரு தொகை. இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று வரிவரியாகப் பார்த்து விளக்க வேண்டும். சோம்பேறி குமாஸ்தா என்ன செய்வான்? வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு, "டேலி ஆயிடுச்சு சார்" என்பான். "எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறது" என்று நாம் மேடையில் சொல்வது பெரும்பாலும் இந்த சஸ்பென்ஸ் கணக்குதான். கேட்க இனிமை, ஒன்றும் படிக்க வேண்டாம். லோகிதாசன் திரும்பி வருகிறான், யோபின் முதல் பத்துப் பிள்ளைகள் வரவில்லை. அந்த வித்தியாசத்தில்தான் என் அப்பாவின் துக்கத்துக்கு வேலை இருந்தது. இரண்டும் ஒன்று என்று சொல்லியிருந்தால் அந்தப் பேச்சே நடந்திருக்காது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது எனக்குத் தெரியும். "இப்படித்தான் ஆரம்பிக்கும், கடைசியில் மதமாற்றத்தில் முடியும்." உண்மை, முடியலாம். எங்கள் பக்கத்து நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் கஷ்ட காலத்தில் இருந்தபோது, திருவிதாங்கூர்ப் படையிலிருந்த டிலனாய் அவருக்குச் சொன்னதும் இதே யோபு கதைதான் என்பது அவர் வரலாறு. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1752-ல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதே புத்தகம், அவர் மாறினார். என் அப்பா மாறவில்லை. முன்கூட்டியே யாரும் உத்தரவாதம் தர முடியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதால்தான் ஒரு நம்பிக்கை நிற்கிறது என்றால், அது எத்தனை நாள் நிற்கும்? நம் பிள்ளைகள் இங்கே தினமும் கேள்விகளுக்கு நடுவில்தான் வளர்கிறார்கள்.

ஒன்றை மட்டும் நிபந்தனையாக வைக்கலாம். ஆள்பிடிக்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்து வைத்துக்கொண்டு படிக்க உட்காருவது நேர்மை இல்லை.

நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் ஆத்திசூடி படிக்கிறார்கள். மதம் என்று வந்தால் பெற்றோர் எல்லோரும் பேச்சை மாற்றுகிறோம். மறுநாள் ஞாயிறு அவரவர் கோயிலுக்கும் சபைக்கும் கார் எடுக்கிறோம். வருடத்துக்கு மூன்று சனிக்கிழமை, பெரியவர்களாவது உட்காரலாமே. தேவாரத்தில் ஒரு பதிகம், யோபில் நாலு அதிகாரம், சீறாப்புராணத்தில் ஒரு படலம். மூன்றும் நம் தமிழில் இருக்கிறது. அந்த மதத்துக்காரர் வாசித்துச் சொல்லட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். ஒன்றாக்க வேண்டாம்.

மகளின் கேள்விக்கு வருகிறேன். இரண்டு வாரம் தேடிப் படித்தேன். பதில் சைவ சித்தாந்தத்தில், மெய்கண்டார் காலத்திலிருந்தே இருக்கிறது. வினை என்பது சடம், அதற்கு அறிவில்லை. செய்தவனைத் தானாகத் தேடிவந்து பலன் கொடுக்க அதற்குத் தெரியாது. அறிவுள்ள ஒருவன் அதைச் சேர்ப்பிக்க வேண்டும், அதுவும் தண்டிக்க அல்ல, உயிர் பக்குவப்பட. மருந்து தானாக நோயாளியிடம் போகாது, வைத்தியர் வேண்டும் என்பதுபோல. மகள் தோழியிடம் சொன்னாள். தோழி அதற்கு மேல் இன்னொரு கேள்வி கேட்டு அனுப்பியிருக்கிறாள். மறுபடியும் தேடிக்கொண்டிருக்கிறேன் :-) ஒரு முஸ்லிம் பெண் கேட்டிருக்காவிட்டால் என் சொந்த வீட்டுச் சொத்து எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

போன ஞாயிறு ஊருக்குப் போன் போட்டபோது மகள் அப்பாவிடம் பேசினாள் (எங்கள் பக்கம் தாத்தாவைப் பாட்டா என்போம்). "பாட்டா, யோபு கதையில புதுப் பிள்ளைங்க வந்தாங்களே, அது சரியா?" என்று அவளுடைய லண்டன் தமிழில் கேட்டாள். மறுமுனையில் வெகுநேரம் சத்தமில்லை.

"சரியில்ல மோளே. எனக்கு இப்பவும் அது பிடிக்கல்ல," என்றார். பிறகு, "அண்ணன் சொன்னதுக்கு மறுபதில் ஒண்ணு அப்பவே நெனச்சு வச்சிருந்தேன். சொல்லதுக்குள்ள நிப்பாட்டிப்போட்டோம்," என்றார்.

அது என்ன பதில் என்று நான் போனில் கேட்கவில்லை. ஆகஸ்டில் ஊருக்குப் போகிறோம். பெரியப்பாவின் மகனிடம் அந்தப் பழைய வேதாகமம் இருக்கிறதாம். எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.